கயிறு சீனில் சிரித்தவர்கள்

மீசை இறங்கியிருக்கிறது. இத்தனை வருஷமாக இந்தப் படத்தைப் பார்க்கிறேன், கதாநாயகன் துரைப்பாண்டியின் ஒட்டுமீசை இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருப்பது ஒரு தடவைகூட என் கண்ணில் பட்டதில்லை. வீட்டு டீவியில் அது மீசையாகத்தான் இருந்தது. இங்கே சுவர் முழுக்க விரித்த திரையில் பசை போட்டு ஒட்டிய மயிராகத் தெரிகிறது. முன்வரிசைப் பையன்கள் இரண்டு பேர் அதைப் பார்த்துத்தான் தோளோடு தோள் இடித்துக்கொள்கிறார்கள். இன்னும் சத்தமாகச் சிரிக்கவில்லை. வரும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் என்ன சொன்னேன்? தமிழில் வந்த ரவுடிப் படங்களில் இவ்வளவு அமைதியான படம் இன்னொன்று கிடையாது என்றேன். அமைதியான. இப்போது டிரம்பெட் காதைக் கிழிக்கிறது. துரைப்பாண்டி துறைமுகத்தில் சும்மா நடந்துதான் போகிறான், அதற்கு இவ்வளவு டிரம்பெட் எதற்கு? இந்த டிரம்பெட் என் வீட்டில் ஒலித்ததே இல்லையே. ஒலித்திருக்கும். நான் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று. அப்படியென்றால் அந்த அமைதி படத்துடையது இல்லையா, என் ரிமோட்டுடையதா? நாற்காலியில் கொஞ்சம் கீழே சரிந்து உட்காருகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடி ஹால். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. ஜெபசிங் நடத்துகிற திரைப்பட வட்டத்தில் மாதம் ஒருவர் தனக்குப் பிடித்த, அதிகம் பேர் அறியாத படம் ஒன்றைப் போட்டுப் பேச வேண்டும். இந்த மாதம் நான். "உலகம்மா மேடம் காமர்ஸ் புரபசர், அவங்க ஒரு கேங்ஸ்டர் படம் எடுத்துட்டு வந்திருக்காங்க" என்று ஜெபசிங் சொன்னபோதே ஹாலில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. அது அன்பான சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வலது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், இந்தப் படத்தை எடுத்தவர் உட்கார்ந்திருக்கிறார்.

அவரைக் கூப்பிடாமல் இருந்திருக்கலாம். பெலிக்ஸ் ரொட்ரிகோ. 'ஏழாம் கிடங்கு' ஒன்றுதான் அவர் எடுத்த படம். அது சில நாள் ஓடிவிட்டுத் தியேட்டரை விட்டுப் போனது. அதற்கப்புறம் அவரும் காணாமல் போனார். தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு நானாகத்தான் போன் நம்பரைத் தேடிப் பிடித்தேன். "எந்தப் படம்மா?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். "அத எதுக்கும்மா இப்ப?" என்றார். எனக்கு மிகவும் பிடித்த படம் சார், இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்க்க வேண்டும், நீங்கள் வந்தால் எங்களுக்குப் பெருமை, என்று ஒரே மூச்சில் அடுக்கினேன். பெருமை என்ற சொல்லை அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். இன்று காலை மகள் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். புதுச் சட்டை. பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கோடுகள் அப்படியே நெஞ்சில் குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன. இதற்காகவே வாங்கியிருப்பார்கள். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். திரையைப் பார்க்கிறாரா, அதற்குக் கீழே இருக்கிற சுவரைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருக்கிறது. நான் திரும்பினால் அவரும் திரும்புவார். என் முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. மீசையைப் பார்த்துவிட்ட முகம்.

இதைப் பிடிக்கும் என்று யாரிடமாவது இதற்கு முன்னால் சொல்லியிருக்கிறேனா? ஸ்டாப் ரூமில் ஒரு தடவை பிடித்த படம் எது என்று பேச்சு வந்தது. எல்லோரும் சொல்வது மாதிரி ஒரு குடும்பப் படத்தின் பெயரைச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். கல்லூரியில் என்னைப் பற்றி ஒரு நினைப்பு இருக்கிறது. கஞ்சி போட்ட காட்டன் சேலை, செவ்வாய்க்கிழமை விரதம், பேச்சு குறைவு. இந்தப் பெண்பிள்ளை மதியத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவன் உப்பு மூட்டைகளுக்கு நடுவே தன் சிநேகிதனைக் கத்தியால் குத்துகிற படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? இந்தப் பழக்கம் தொடங்கியது என் வீட்டுக்காரர் சுந்தரேசன் என்னை விட்டுப் போன வருஷம். என்னோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று, சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார். சண்டை கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. மறுநாள் பெட்டியோடு போனார். கேட்கிறவர்களுக்கு மதுரைக்கு மாற்றல் என்று சொன்னேன். இப்போதும் கல்லூரியில் பாதிப் பேருக்கு அவர் மாற்றலில்தான் இருக்கிறார். அந்த வருஷம் நீண்ட லீவு போட்டு வீட்டிலேயே கிடந்தேன். எங்கள் தெருக் கேபிள்காரரிடம் இருந்தது கையளவு சிடிதான். மதியம் எதையாவது போட்டுவிட்டு அவர் தூங்கிவிடுவார் போல. 'ஏழாம் கிடங்கு' அடிக்கடி வந்தது. கதை ரொம்பச் சாதாரணம். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏழாம் கிடங்கு துரைப்பாண்டியின் கையில் இருக்கிறது. அவன் சொன்னால்தான் மூட்டை இறங்கும். அவனும் அமிர்தமும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அமிர்தம் போலீசிடம் வாயைத் திறந்துவிட்டான் என்று மேலே இருக்கிறவர்கள் சொல்கிறார்கள், துரைப்பாண்டி அவனைக் கொல்கிறான். அவ்வளவுதான். எத்தனை படத்தில் வந்த கதை. ஆனால் கொன்றுவிட்டு அவன் வீட்டுக்குப் போகிறான் பாருங்கள், அங்கேதான் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

வீட்டில் மகள் முற்றத்தில் நிற்கிறாள். ஸ்கிப்பிங் கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறாள். மறுமுனையைப் பிடித்துச் சுற்ற ஆள் வேண்டும். அப்பா வந்ததும் அவர் கையில் கொடுக்கிறாள். துரைப்பாண்டி சுற்றுகிறான். பிள்ளை குதிக்கிறது. உள்ளே அம்மா சாப்பிடக் கூப்பிட, பிள்ளை ஓடிவிடுகிறது. அவன் சுற்றிக்கொண்டே இருக்கிறான். யாரும் இல்லாத முற்றத்தில் கயிறு தரையில் அடிபடுகிற சத்தம். பாட்டு கிடையாது, வசனம் கிடையாது. கேமரா நகரவே நகராது. அவன் முகத்தைக்கூடக் கிட்டே போய்க் காட்ட மாட்டார்கள். தோளும் கையும் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். அப்படி எவ்வளவு நேரம் போகும் என்றால், போதும், யாராவது வந்து அந்தக் கயிற்றை வாங்குங்களேன் என்று பார்க்கிறவளுக்கு இருக்கும். யாரும் வர மாட்டார்கள். முதல் தடவை பார்த்தபோது அழுதேன். சுந்தரேசன் போனதற்கு அதுவரை அழாதவள் அழுதேன். அழுது முடித்த பிறகு வெட்கமாகிவிட்டது. அழுவதென்றால் அமிர்தத்தின் மனைவிக்காக அழுதிருக்க வேண்டும். வாசலில் நின்று எல்லோரிடமும் என் வீட்டுக்காரரைப் பார்த்தீர்களா என்று கேட்பாளே, அவள்தானே என் ஆள். நானோ கொலை செய்தவனுக்காக அழுதேன். கெடுதல் பண்ணியவனும் வீட்டுக்குப் போய்க் கயிறு சுற்றுகிறான், அவன் கையும் நிற்க மாட்டேன் என்கிறது என்று நினைத்ததும் சுந்தரேசன் எங்கேயோ ஒரு புது வீட்டில் தட்டைக் கழுவிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவரை மன்னித்தேன் என்று இல்லை. அவர் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. இதை யாரிடம் சொல்ல முடியும்? மைக்கில் சொல்லவில்லை. மைக்கில் பிரேமிங், நிசப்தம், யதார்த்தம் என்று மூன்று வார்த்தைகள் சொன்னேன், ஜெபசிங் அனுப்பிய கட்டுரையில் இருந்தவை.

இப்போது சத்தமாகவே சிரிக்கிறார்கள். கதாநாயகி வெயிலில் குடை பிடித்துக்கொண்டு ஆடுகிறாள். எனக்கு இந்தப் பாட்டு இருந்ததே ஞாபகம் இல்லை, கேபிள்காரர் ஓட்டிவிட்டிருப்பார். அப்புறம் கிடங்குச் சண்டை. ரத்தம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. "ரஸ்னாலே" என்கிறது முன்வரிசை. மூன்று வரிசை தள்ளி ஒரு தலை எனக்குத் தெரிந்த தலையாக இருக்கிறது. பெனிட்டா. என்னிடம் மூன்றாம் வருஷம் படிக்கிறவள். இவள் எப்போது வந்தாள்? நாளைக்கு முதல் பீரியட் அவளுடைய வகுப்புதான். நான் காஸ்ட் அக்கவுண்டன்சி நடத்த, பின் பெஞ்சில் ரஸ்னா, ரஸ்னா என்று கேட்கப் போகிறது. கயிறு சீன் வரப்போகிறது. இன்னும் இரண்டு காட்சிதான். கடவுளே, கரண்ட் போனால் நன்றாக இருக்கும். நம் ஊரில் போகாத கரண்டா? இன்றைக்கென்று போகாமல் இருக்கிறது. பக்கத்து நாற்காலி கிரீச்சிடுகிறது. ரொட்ரிகோ சார் எழுந்துவிட்டார். குனிந்து, திரையை மறைக்காமல், சுவரோரமாக நடந்து கதவைத் திறந்து வெளியே போகிறார். வயசானவர், பாத்ரூம் போகிறார். இல்லை, சிரிப்பைக் கேட்டுத்தான் போகிறார். நானும் எழுந்து போக வேண்டும். எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். உட்கார்ந்திருக்கிறேன். துரைப்பாண்டி வாசல்படி ஏறுகிறான். பிள்ளை கயிற்றைக் கொடுக்கிறது. சுற்றுகிறான். பிள்ளை உள்ளே ஓடுகிறது. சுற்றுகிறான். ஹாலில் அமைதி. நல்ல அமைதி. எனக்கு மூச்சு கொஞ்சம் வருகிறது. பிடித்துவிட்டது, இவர்களையும் பிடித்துவிட்டது. அப்போது முன்வரிசைப் பையன் சொன்னான், "அண்ணாச்சி, மோட்டார் போட்டாச்சு, தண்ணி இன்னும் ஏறலயே." ஹாலே சிரித்தது. பெனிட்டா திரும்பிப் பார்த்தாள், படத்தை அல்ல, என்னை. மேடம் கோபப்படுகிறாரா என்று பார்க்கிற கண். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே நான் சிரித்தேன். மூக்கு வழியாக வந்துவிட்ட சிரிப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது. வாயைத் திறந்து, பல் தெரிய, தலையை ஒரு ஆட்டு ஆட்டிச் சிரித்தேன். பெனிட்டாவும் நிம்மதியாகச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

திரையில் அவன் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறான். எதற்குச் சிரித்தேன்? மோட்டார் என்று சொன்னது நன்றாகத்தான் இருந்தது, உண்மையிலேயே சிரிப்பு வந்தது என்று வைத்துக்கொள்ளலாமா? வரவில்லை. சிரிப்பு வருமுன்பே சிரித்தேன். அந்த ஒரு நொடியில் எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் பெனிட்டாவின் பக்கத்தில் இருப்பது. இந்தப் படத்தை எடுத்துவந்த கிறுக்குப் பெண்பிள்ளையாக இல்லாமல், எல்லோரையும் மாதிரி இதைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவளாக இருப்பது. மதுரைக்கு மாற்றல் என்று சொன்னேனே, அதே நாக்கு. அதே வேகம். யாரும் கேட்கும் முன்பே முந்திக்கொண்டு சொல்வேன், மாற்றல், மாற்றல் என்று. அவர் கேட்டிருப்பாரா? கதவு சாத்தியிருந்தது. இல்லை, அவர் போகும்போது சரியாகச் சாத்தவில்லை, வெளிச்சக் கோடு ஒன்று தெரிகிறதே. ஹால் முழுக்கச் சிரித்ததில் ஒரு பெண்பிள்ளையின் சிரிப்பு தனியாகக் கேட்குமா? என் சிரிப்பு தனியாகக் கேட்கும். சுந்தரேசன் சொல்லியிருக்கிறார், உன் சிரிப்பு தெருமுனையிலேயே கேட்கும் என்று. அது பாராட்டு என்று நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. மனிதர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அத எதுக்கும்மா இப்ப என்றார். அவரை இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்து, எனக்கு மிகவும் பிடித்த இடத்தில் சிரித்தேன். போலீஸ் துரைப்பாண்டியைத் தேட ஆரம்பித்துவிட்டது. டிரம்பெட் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் படம் முடியும், விளக்குப் போடுவார்கள், அவரை மேடைக்குக் கூப்பிடுவார்கள். அவர் நாற்காலி காலியாகவே இருக்கிறது. போயே விட்டாரா? மகளுக்குப் போன் போட்டிருப்பாரா? எழுந்துவிட்டேன். யாரோ உஸ் என்றார்கள். யாருடைய காலையோ மிதித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மாடிப்படித் திருப்பத்தில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் பேப்பர் கப். கீழே தெருவில் சர்ச் விட்டு ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள், அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"கயிறு சீன் முடிஞ்சிட்டாம்மா?"

"முடிஞ்சிட்டு சார்."

"அந்த இடத்துல எனக்கு உக்கார முடியாது. அதான் வெளிய வந்தேன்." தண்ணீரை ஒரு வாய் குடித்தார். "சிரிச்சாவளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அமைதியாகப் பார்த்தார்கள் சார் என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. கேட்கும் முன்பே தயாராக நிற்கிற அந்த வேகம் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"சிரிச்சாங்க சார்."

தலையை ஆட்டிக்கொண்டார். தெரிந்த விஷயத்தைக் கேட்ட மாதிரி.

"நானும் சிரிச்சேன்" என்றேன்.

என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க எதுக்கும்மா சிரிச்சீய? உங்களுக்குத்தான் அது புடிக்குமே."

"ஒரு பையன் என்னமோ சொன்னான். என்கிட்ட படிக்கிற பொண்ணு ஒருத்தி என்னத் திரும்பிப் பாத்தா. அதான்." கைப்பிடிச் சுவரில் காரை பெயர்ந்திருந்த இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கப்பைக் கசக்கினார். போட இடம் தேடிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"படம் வந்த மொத நாளு, மேட்னிக்குப் போனேன். ஆளுக என்ன சொல்லுதாவன்னு கேக்க, பெஞ்சு டிக்கெட்டுல போயி உக்காந்தேன். அந்த சீன் வந்துது. கொட்டகையே சிரிக்கி. பக்கத்துல இருந்த ஆளு என் தொடையில ஒரு தட்டு தட்டி, எவம்ல இத எடுத்தவன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியலயே அண்ணாச்சின்னேன். சொல்லிட்டு, அவரவிடச் சத்தமா சிரிச்சேன்." தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுக்குப் பெறவு எனக்குப் படம் எடுக்க ஓடல. அவுக சிரிச்சதுக்காக இல்ல. அவுகளுக்குப் புடிக்கல, சிரிச்சாவ. துட்டு குடுத்து வந்த ஜனங்க. நான் சிரிச்சத மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியல. இத வீட்டுல கூடச் சொன்னதில்லம்மா."

நானும் தெருவைப் பார்த்தேன். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நல்ல படம் சார் என்று சொல்லலாம். காலையிலேயே மைக்கில் சொல்லியாகிவிட்டது. இப்போது அந்தச் சொல்லை எடுத்து அவர் கையில் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? இந்தக் கசங்கிய கப்பை மாதிரி அதையும் போட இடமில்லாமல் பையில் வைத்துக்கொள்வார். உள்ளே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. துரைப்பாண்டி செத்துவிட்டான். ஜெபசிங் கதவைத் திறந்து தலையை நீட்டினான். "சார், மேடம், முடிஞ்சிட்டு. பேச வாங்க." ரொட்ரிகோ சார் சட்டையை இரண்டு கையாலும் இழுத்து நேராக்கிக்கொண்டார். மடிப்புக் கோடுகள் போகவில்லை. "நான் என்னத்தம்மா பேசப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார்.

விளக்குப் போட்டிருந்தார்கள். வெளிச்சத்தில் ஹால் சின்னதாகிவிட்டது. அவர் மைக்கில் எல்லோருக்கும் நன்றி என்றார், கூப்பிட்டதற்கு நன்றி என்றார், உட்கார்ந்துவிட்டார். கைதட்டினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றான் ஜெபசிங். முன்வரிசைப் பையன் எழுந்தான். கிட்டத்தில் பார்த்தால் நல்ல களையான முகம், கெட்டவன் இல்லை. "சார், அந்தக் கயிறு சுத்துற சீன். பிள்ளை போன பெறவும் எதுக்கு சார் சுத்திக்கிட்டே இருக்காரு?" பின்னால் மறுபடியும் சிரிப்பு கிளம்பத் தயாராவது கேட்டது. ரொட்ரிகோ சார் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். பிறகு மடியில் இறக்கினார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

"கொஞ்ச நேரத்துக்கு முன்னால அந்த சீனுக்கு நானும் சிரிச்சேன். சிரிப்பு வரல, ஆனா சிரிச்சேன்" என்றேன். என் குரல் ஸ்பீக்கரில் யாருடையதோ மாதிரி வந்தது. "என் வீட்டுக்காரர் என்ன விட்டுட்டுப் போன வருஷம்தான் இந்தப் படத்த மொதல்ல பாத்தேன். எல்லார்கிட்டயும் மாற்றல்ல போயிருக்கார்னு சொல்லியிருக்கேன். அது மாற்றல் இல்ல." பெனிட்டா எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று நான் பார்க்கவில்லை. ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ, சொல்ல முடியாது. முன்வரிசைப் பையனைப் பார்த்து, பிள்ளை போன பிறகும் அந்தக் கை எதற்காக நிற்கவில்லை என்று மேலே சொல்ல ஆரம்பித்தேன்.